உடைப்பதற்கு முன் ஒரு சுவரைக் குறித்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: வீட்டைப் புதுப்பிக்கும் ஏற்பாடுகளில் குழந்தைகளின் கைவேலை விளையாட்டுக்கு இடம் ஒதுக்குவது குறித்து.

எங்கள் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. நான் பிறந்து வளர்ந்த வீடு இது. என் பிள்ளைகள் இருவரும் இப்போது வளர்வதும் இதே வீட்டில்தான். பொறியாளர் வந்து அளந்து வரைபடம் கொடுத்துவிட்டார். கொத்தனாரும் தச்சரும் எந்தத் தேதியில் வருகிறார்கள் என்பதும் முடிவாகிவிட்டது. மூன்று வாரங்களாக அறை அறையாகச் சாமான்களை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம். இதற்கு நடுவில் பரணிலிருந்து இறங்கிய ஒரு பொருள்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் பல என்பதாலும், தங்கள் நாளிதழின் வீடு பற்றிய பக்கங்களை அவர்களில் பலர் வாசிக்கக் கூடும் என்பதாலும், இதை என் வீட்டுச் செய்தியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

பரணிலிருந்து இறங்கியது ஒரு பழைய செருப்புப் பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் பிளேடால் வட்டமாக வெட்டிய ஓட்டை. அந்த ஓட்டையில் பொருத்தியபடியே, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு கண்ணாடி பல்பு. என் மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது குப்பையா?" என்று கேட்டாள். அது குப்பை அன்று. அது எங்கள் சினிமாக் கொட்டகை.

பியூஸ் போன குண்டு பல்பின் அடியில் இருக்கும் கறுப்புப் பகுதியைத் துணி சுற்றிய திருப்புளியால் மெதுவாகத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் கம்பிகளையும் அவற்றைத் தாங்கும் கண்ணாடித் தண்டையும் வெளியே எடுப்பது அப்பாவின் வேலை; அதை மட்டும் அவர் எங்களைச் செய்ய விடமாட்டார். வெறும் கூடாகிவிட்ட பல்பில் காற்றுக் குமிழி ஒன்றுகூடத் தங்காமல் தண்ணீர் நிரப்பி வாயை அடைப்பது அண்ணனின் வேலை. ஜன்னலுக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, வெயிலை ஜன்னல் கதவில் இருந்த சிறு துளை வழியாக இருட்டறைக்குள் திருப்பி விடுவது என் வேலை. ஒளி முதலில் பிலிம் துண்டின் மீது விழும்; பிறகு தண்ணீர் பல்பைக் கடந்து எதிர்ச் சுவரில் விரியும். அந்தச் சுவர் அறையிலேயே வெறுமையாக இருந்த ஒரே சுவர். அதற்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்ததால் எங்களுக்குத் தனியாகத் திரை தேவைப்படவில்லை.

படம் முதலில் தலைகீழாகத்தான் விழுந்தது. பிலிமைத் தலைகீழாகச் செருகினால் படம் நேராக நிற்கும் என்பதை யாரும் சொல்லாமலேயே கண்டுபிடித்தோம். பல்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிலிமைப் பிடித்தால்தான் முகம் தெளிவாகத் தெரியும் என்பதும் கைப்பழக்கத்தில் தெரிந்ததுதான். பல ஆண்டுகள் கழித்து இயற்பியல் வகுப்பில்தான் அதன் காரணம் புரிந்தது. தண்ணீர் நிறைந்த கோளத்தின் குவிய தூரம், அதாவது வெயில் ஒரு புள்ளியில் குவியும் தூரம், அதன் மையத்திலிருந்து ஏறக்குறைய அதன் விட்டத்தின் அளவு; 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள பல்பானால் அதன் பரப்பிலிருந்து 3 சென்டிமீட்டருக்குச் சற்றுத் தள்ளிப் பிலிம் இருக்க வேண்டும். நாங்கள் விரலால் அளந்ததும் அதே 3 சென்டிமீட்டர்தான். சூரியன் வானில் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்வதால் படமும் சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். நான் வெளியே கண்ணாடியை விடாமல் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். சூரியன் நகர்கிறது என்பதை என் மணிக்கட்டு வலியில்தான் முதலில் உணர்ந்தேன்.

ஒருநாள் தண்ணீர் நிரப்பிய பல்பை ஜன்னல் பலகையில் வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டோம். திரும்பி வந்தபோது புகை வாசம் வந்தது. குவிந்த வெயில் பலகையைச் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கருக்கியிருந்தது. அப்பா அன்று திட்டவில்லை. எங்கள் இருவர் விரலையும் பிடித்து அந்தக் கருகலைத் தொடச் சொல்லி, ஏன் இப்படி ஆனது என்று கேட்டார். அந்தக் கரும்புள்ளி இன்றும் அந்தப் பலகையில் இருக்கிறது. போன வாரம் அளவெடுக்க வந்த தச்சர் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, உப்புத்தாள் போட்டால் போய்விடும் என்றார். வேண்டாம் என்றேன்.

ஆசிரியர் அவர்களே, என் குறை இதுதான். வீட்டைப் புதுப்பிக்கப் புறப்படும் எவரும் எத்தனையோ விஷயங்களை எழுதிவைத்துக்கொள்கிறோம். எது பாரம் தாங்கும் சுவர், எது வெறும் தடுப்புச் சுவர் என்று பொறியாளரைக் கேட்காமல் எதையும் உடைப்பதில்லை. பூச்சு பூசுவதற்கு முன் வயர் செல்லும் குழாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். குளியலறைத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்க்கசிவு இருக்கிறதா என்று தண்ணீர் தேக்கி ஒரு நாளாவது பார்க்கிறோம். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும் என்பதும், அது நன்றாக உலராமல் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும் என்பதும் நமக்கு நினைவிருக்கிறது. இவையெல்லாம் அவசியமானவை, ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நீண்ட பட்டியலில் அந்த வீட்டின் குழந்தை எங்கே உட்கார்ந்து எதையேனும் வெட்டும், ஒட்டும், கட்டும், உடைக்கும் என்ற கேள்வி இல்லை. எங்கள் பட்டியலிலும் இல்லை. குழந்தைகள் அறை என்று ஒன்று வரைபடத்தில் இருந்தது. அதில் கட்டில், படிப்பு மேசை, நான்கு சுவரில் மூன்று சுவருக்குத் தரையிலிருந்து கூரைவரை அலமாரி. பொம்மைகளை அடுக்குவதற்கு அங்கே இடமுண்டு. பொம்மை செய்வதற்கு இடமில்லை.

கையால் செய்து விளையாடுவதைப் பழைய நினைவின் இனிமைக்காக மட்டும் நான் போற்றவில்லை. பொம்மைகளில் நிலைத்து நின்றவற்றைத் தேர்ந்தெடுத்துச் சிறப்புச் செய்யும் ஒரு தேசியக் கூடம் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகர விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 2005ஆம் ஆண்டு இடம்பெற்றது அட்டைப்பெட்டி, 2008இல் குச்சி, 2011இல் போர்வை, 2021இல் மணல். கட்டடக்கலையும் ஓவியமும் அறிந்த சைமன் நிக்கல்சன் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருட்கள் எத்தனை வகையாக இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் படைப்பும் நிகழும் என்பது அதன் சாரம். அதற்கும் முன்பே, டென்மார்க்கின் நில வடிவமைப்பாளர் சோரன்சன், ஒழுங்காக அமைத்த விளையாட்டுத் திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் பழைய சாமான்கள் கிடக்கும் இடங்களிலும்தான் பிள்ளைகள் விரும்பி விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகை, செங்கல், கயிறு என்று உதிரிப் பொருட்களால் ஆன விளையாட்டிடம் பிறந்தது. போர்க்காலம் அது, ஊர் அந்நியப் படையின் பிடியில் இருந்த நேரம்; அப்போதும் ஒருவருக்கு இது முக்கியமாகப் பட்டிருக்கிறது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது.

கட்டட வேலை நடக்கும் வீட்டில் பிள்ளைகளைத் தாராளமாக விளையாட விடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. நாங்கள் சிறுவயதில் விளையாடிய பொருட்களில் சிலவற்றை இன்று என் பிள்ளைகள் கையில் நான் தரவே மாட்டேன். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டால் தரையில் கட்டம் கிழித்து நொண்டி ஆடியிருக்கிறோம். அந்தக் கோடுகளைக் காலால் தேய்த்து அழித்தும் இருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதன் நார் மூச்சோடு உள்ளே போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட நோயாகலாம். உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து சிந்திய பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி மகிழ்ந்ததும் உண்டு. பெரியவர்களும் அறியாமல் இருந்த காலம் அது.

ஆகவே, புதுப்பிக்கும் ஏற்பாட்டில் முதலில் செய்ய வேண்டியது குழந்தைகளைத் தூசியிலிருந்து பிரித்து வைப்பதுதான். பழைய வீடுகளின் ஜன்னல், கதவு, கிராதிகளில் அடுக்கடுக்காக இருக்கும் பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. நிறம் மங்காமல் இருப்பதற்கும் விரைவில் உலர்வதற்கும் முற்காலத்தில் அதைச் சேர்த்தார்கள். அமெரிக்கா வீட்டு உபயோகத்துக்கான ஈயப் பெயின்டை 1978இல் தடைசெய்தது. பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு. ஆனால் சட்டம் வருவதற்கு முன் அடித்த பெயின்ட் சுவரை விட்டுப் போய்விடவில்லை; மேலே பூசிய புதுப் பூச்சுக்குக் கீழே அது அப்படியே காத்திருக்கிறது. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட அதிக விகிதத்தில் ஈயத்தை உறிஞ்சுகிறது. அது வளரும் மூளையைப் பாதிக்கிறது. இந்த அளவுவரை பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பழைய ஜன்னலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும், தீச்சுவாலை காட்டிப் பெயின்டை உரிப்பதும் அந்தப் பிள்ளைக்குக் கேடு செய்வதாகும். நனைத்துத் தேய்க்கச் சொல்ல வேண்டும். தரையிலும் வாசலிலும் பிளாஸ்டிக் விரிப்புப் போட வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

டைல்ஸையும் கான்கிரீட்டையும் இயந்திரத்தால் அறுக்கும்போது எழும் வெண்புகைபோன்ற தூசி வேறொரு தீங்கு. அதில் இருக்கும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவை. கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதப்பவை. மூக்கில் கட்டிய கைக்குட்டை அவற்றைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுப்பதும், என்95 போன்ற சரியான முகக்கவசமும் வேண்டும். இதை நம் பிள்ளைகளுக்காக மட்டும் நினைப்பது நியாயமில்லை. நம் வீட்டில் வேலை செய்துவிட்டு மாலையில் தன் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப் போகும் தொழிலாளியின் சட்டையிலும் அந்தத் தூசி இருக்கிறது. அவருக்கு முகக்கவசமும் கைகால் கழுவி உடை மாற்ற ஓர் இடமும் தருவதை ஏற்பாட்டின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

மணல் குவியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பார்த்ததும் ஓடாத பிள்ளை இல்லை. சிமென்ட் கலக்காத, சலித்த மணலில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்து மூடி வைத்துவிட்டால் அது அவர்களுக்குப் போதும். கலவை போடும் இடத்துக்கு மட்டும் அவர்களை நெருங்க விடக் கூடாது. ஈரமான சிமென்ட் கடும் காரத்தன்மை உடையது. தோலில் வெகுநேரம் பட்டால் புண்ணாக்கிவிடும்.

இவ்வளவையும் விலக்கிய பிறகும், ஒரு வீட்டைப் புதுப்பிக்கும்போது மிஞ்சுகிற நல்ல பொருட்கள் ஏராளம். விசிறியும் விளக்கும் குழாயும் வந்த அட்டைப்பெட்டிகள், தச்சர் அறுத்துத் தள்ளும் மரத்துண்டுகள், புதுக் குழாயின் வெட்டுத்துண்டுகள், நூல்கண்டு, பழைய தாழ்ப்பாள், கழற்றிய அலமாரியின் கைப்பிடிகள் எனச் சொல்லிக்கொண்டே போகலாம். இப்போது இவையெல்லாம் இடிபாடுகளோடு சேர்ந்து ஒரே வண்டியில் ஏறிப் போய்விடுகின்றன. வேலை தொடங்குவதற்கு முன்பே தச்சரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, புது மரத்தில் மிஞ்சும் சிறு துண்டுகளை முனை மழுக்கி இதில் போடுங்கள் என்று சொல்லிவைத்தால் அவருக்கு அது ஒரு நாளில் சில நிமிட வேலை. எங்கள் தச்சரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. தானும் சிறுவயதில் அப்படிப்பட்ட துண்டுகளில்தான் உளி பிடிக்கப் பழகியதாகச் சொன்னார். அதே நாள் மாலையில் என் மகன் இரண்டு காலித் தீப்பெட்டிகளை நூலால் இணைத்து, வெறுமையாகிவிட்ட கூடத்தின் இரு கோடிகளிலும் தன் அக்காவோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். நூல் தொய்ந்தால் பேச்சு கேட்கவில்லை, இழுத்துப் பிடித்தால் கேட்கிறது என்று ஓடி வந்து சொன்னான். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இழுத்துக் கட்டிய கம்பியில் ஒலியை அனுப்பிப் பார்த்த சோதனையும் அடிப்படையில் இதுதான். சாமான்கள் அகற்றப்பட்ட கூடம் அவனுக்கு ஒரு வாரம் ஆய்வுக்கூடமாக இருந்தது. அந்த ஒரு வாரத்தையும் நாங்கள் அவசரப்படுத்தாமல் விட்டுக்கொடுத்தோம்.

பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் அறையைத் தீர்மானிக்கக் கூடாது என்பதையும் இந்த நாட்களில்தான் கற்றேன். உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. நீ எங்கே உட்கார்ந்து செய்வாய், எது அழுக்கானால் யாரும் கோபிக்கக் கூடாது, செய்து பாதியில் நிறுத்தியதை மறுநாள்வரை எங்கே வைப்பாய் என்று கேட்க வேண்டும். என் மகள் உடனே பதில் சொன்னாள்: பாதியில் நிற்பதை வைக்க ஒரு தட்டு வேண்டும், அதை யாரும் ஒழுங்குபடுத்தக் கூடாது. எந்த வரைபடத்திலும் நான் பார்க்காத தேவை அது. குறைந்த உயரத்தில் ஒரு பலகை, கழுவித் துடைக்கத் தகுந்த தரை, ஆணி அடிக்கத் தகுந்த ஒரு மரப்பட்டி, வெறுமையான ஒரு சுவர். இவற்றுக்குத் தனி அறை தேவையில்லை. இடம் குறைந்த வீட்டிலும் படிக்கட்டின் அடியிலோ பால்கனியின் ஒரு முனையிலோ இவை அடங்கிவிடும். வரைபடம் வரையும்போதே சொன்னால் எளிது. டைல்ஸும் அலமாரியும் வந்த பிறகு சொன்னால் எல்லோருக்கும் சிரமம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் வீடு பற்றிய பக்கங்களில் வேலை முடிந்து துடைத்துவைத்த அறைகளின் படங்களைக் காண்கிறோம்; அவை அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றோடு, பிள்ளைகள் செய்து விளையாடும் மூலைகளின் படங்களையும், பழைய பெயின்டையும் தூசியையும் பாதுகாப்பாகக் கையாளும் முறைகளையும், வாசகர்கள் தாங்கள் சிறுவயதில் கையால் செய்த விளையாட்டுப் பொருட்களைப் பற்றி எழுதும் குறிப்புகளையும் வெளியிட்டால், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் பெற்றோருக்கு அது பெரிய உதவியாக இருக்கும். கட்டட வடிவமைப்பாளர்களும் பொறியாளர்களும் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகளில், பிள்ளைகள் எங்கே எதைச் செய்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் நாம் கேட்காததால்தான் அவர்களும் கேட்பதில்லை.

எங்கள் வரைபடத்தை இருமுறை திருத்தியாகிவிட்டது. அந்த அறையின் ஜன்னல் இருக்கும் இடத்திலேயே இருக்கும். கருகிய பலகையில் ஈயப் பெயின்ட் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்துகொண்டு, அதைப் புது ஜன்னலின் அடிப்பலகையாகவே பொருத்தித் தருவதாகத் தச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எதிர்ச் சுவரில் அலமாரி வேண்டாம், வெள்ளை மட்டும் அடித்தால் போதும் என்று பொறியாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய பல்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். பிலிம் துண்டு ஒன்றை அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி